கறுப்பு வயரை மாட்டியது யார்

வண்டி கிளம்பாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது வண்டியை அல்ல, மனிதர்களை. என் பிழைப்பு என்னை அப்படி ஆக்கிவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய வெலிங்டன் தீவில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவள் நான். மூட்டை மூட்டையாகக் குத்தூசியைச் செருகி, அதன் குழிவில் வந்து விழும் மிளகை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, பப்பாளி விதை கலந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சரக்கைக் கப்பலுக்கு விடுவோம். வாய்ப்பக்கம் முதல் தரம், அடியில் குப்பை என்று எத்தனை மூட்டைகளைப் பார்த்திருப்பேன்! 'சேச்சி, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்' என்று எவனாவது சொன்னால், அவன் மூட்டையைத்தான் முதலில் குத்துவேன்.

ஓய்வு பெற்றபோது குத்தூசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். புத்தியை எங்கே கொடுப்பது? அது என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டது.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு இருக்கிற சந்துக்குள் ஆட்டோ வருவதே பெரிய பாடு. கார் நுழையாது. அதனால் என் கார் கொச்சங்காடியில், மிளகும் சுக்கும் அடுக்கிவைத்திருக்கும் ஒரு கிடங்கின் முற்றத்தில் நிற்கிறது. கிடங்கு முதலாளி பழைய பழக்கத்துக்காக என்னையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் அங்கே வண்டி நிறுத்த விட்டிருக்கிறார். ஒரே நிபந்தனை: சாவியைக் கிடங்கு வாசலுக்கு உள்ளே இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சரக்கு லாரி உள்ளே வந்தால் வண்டிகளை முன்னே பின்னே நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும். அப்போது யார் கையில் வேலை இல்லையோ அவர் எந்தச் சாவியையாவது எடுத்து எந்த வண்டியையாவது நகர்த்துவார். லாரி போனதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். மற்றவர்கள் இதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. நான் நினைத்தேன். என் வண்டிச் சாவி ஊர்ச் சொத்து மாதிரி ஆணியில் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மாற்றுச் சாவி ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன்.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் போடிநாயக்கனூர்க்காரர். ஏலக்காய் லாரியோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னை வாய் நிறைய அக்கா என்பார். அப்படி வாய் நிறையக் கூப்பிடுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை உண்டு.

இந்த வண்டி எனக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இருந்தவரை நான் பின் சீட்டில் பைகளோடு உட்கார்ந்து வந்தவள். அவர் போன பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், இளவட்டங்களோடு வரிசையில் நின்று ஓட்டக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து 'கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போறியா' என்று நான் யார் முகத்தையும் பார்த்து நின்றதில்லை. தோப்பும்படி சந்தையோ, ஆஸ்பத்திரியோ, சும்மா காற்று வாங்கத் தீவுப் பக்கமோ, எங்கே போக வேண்டுமானாலும் நானே போகிறேன், நானே வருகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு இதுதான் பொறுக்கவில்லை. வண்டியை விற்றுவிடு, ஆட்டோ வைத்துக்கொள் என்று இரண்டு வருஷமாக ஒரே பாட்டு.

அவனுக்கு வாய்ப்புக் கொடுத்ததே பேட்டரிதான். போன மழைக்காலத்தில் ஒரு காலை நான் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். 'டிக் டிக்' என்றது. அவ்வளவுதான், இஞ்சின் அசையவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பேட்டரி நியாயமாகத்தான் செத்தது. நாலு வருஷம் உழைத்துவிட்டது. ஒரு மாதமாகவே காலையில் இஞ்சின் இழுத்து இழுத்துத்தான் எழுந்தது. ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்கி எழும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. காயல் காற்று அடிக்கிற ஊரில் அது சீக்கிரமே பூக்கும். இதெல்லாம் நேரம் வந்துவிட்டதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மழை விடட்டும் என்று இருந்தேன்.

ஆனால் நான் பானெட்டை மூடக்கூட இல்லை, மகனிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அம்மா, வண்டி கிளம்பலையா?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

சும்மாவாம்! வேலை நாளில், காலை நேரத்தில், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, கொச்சங்காடியில் கிளம்பாத வண்டியைப் பற்றிச் சும்மா கேட்கிறானாம். யார் காதில் பூ சுற்றுகிறான்? சுற்றிலும் பார்த்தேன். போடிக்காரர் ஒரு மூட்டையை மிகவும் கவனமாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

பேட்டரிக் கடைக்காரர் ஸ்கூட்டரின் கால்மிதியில் புதுப் பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். இந்த ஊர் மலையாளிதான், என்னைப் பார்த்தால் மட்டும் தமிழ் பேசுவார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கறுப்பு வயரைக் கழற்றினார். அப்புறம் சிவப்பு. பழையதைத் தூக்கி வெளியே வைத்தார். வெந்நீர் வாங்கி வந்து முனைகளில் ஊற்றிப் பொடியைக் கரைத்துத் துடைத்தார். புதியதை இறக்கி, இப்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. அசையாமல் இருக்கக் கம்பிப் பட்டையை முறுக்கினார்.

"இதுக்கு மேல புது ஸ்டிக்கர் ஒட்டின பழசு இல்லையே?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சேச்சி, தேதி குத்தியிருக்கு, நோக்கிக்கோங்க. எனக்கு இந்த நாட்டுல கட நடத்த வேணம்."

பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. ஆனாலும் அவர் போன பிறகு, பேட்டரியின் பக்கவாட்டு ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். நாளை யாராவது மாற்றி வைத்துவிட்டு 'இதேதான் அது' என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

அன்று சாயங்காலம் மகன் போனில் விடாப்பிடியாக நின்றான். கடைசியில், அவன் தொல்லை பொறுக்காமல் நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். இன்னொரு தடவை வண்டி கிளம்பாமல் போனால் விற்றுவிடலாம். புதுப் பேட்டரி, இன்னும் நாலு வருஷத்துக்குக் கவலையில்லை என்ற தைரியத்தில்தான் கொடுத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

நாலு வருஷமா? நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. மழை முடிந்து வெயில் வந்த ஒரு காலையில் சாவியைத் திருப்பினால், இஞ்சின் பழையபடி இழுக்கிறது. எப்படியோ கிளம்பிவிட்டது. அப்படியே நேராகப் பேட்டரிக் கடைக்கு ஓட்டிப்போய், இஞ்சினை அணைக்காமலே இறங்கினேன். முதல் வேலையாக என் நகப்பூச்சுப் பொட்டைத் தேடினேன். இருந்தது. அதே பேட்டரிதான்.

கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்றார். பேட்டரியை மட்டும் கழற்றி ஒரு நாள் கடையிலேயே வைத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மறுபடி சோதித்தார்.

"பேட்டரிக்கு ஒண்ணுமில்ல சேச்சி. இது பட்டினி கிடந்திருக்கு. எங்கேயோ கரண்ட் கசிஞ்சு சோருது. வயரிங்தான்னு எனக்குத் தோணுது."

"வயரிங்கா, ஆளா?"

"ஆள் எப்படி சேச்சி கரண்ட் திருடும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆணியில் தொங்கும் சாவிதான் கண் முன்னால் ஆடியது. அவரே ஒரு வழி சொன்னார். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது கறுப்பு வயரைக் கழற்றிவிடுங்கள். காலையில் மாட்டி, இஞ்சின் சுறுசுறுப்பாக எழுந்தால், வயரிங்கில்தான் கசிவு.

அன்று சாயங்காலம் சின்ன ஸ்பேனர் ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ஆட்கள் சாயா குடிக்கப் போன நேரம் பார்த்துக் கறுப்பு வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். கறுப்பு வயர் மாட்டியிருந்தது!

மாட்டியிருந்தது மட்டுமல்ல, நன்றாக முறுக்கியும் இருந்தது. ஒரு நிமிஷம் நான்தான் கழற்றினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால், வண்டிக் கடிகாரம் இரண்டு மணி ஆகப் போகிறது என்று காட்டியது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் என் வண்டிக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து தொடங்கும். அப்படியானால் யாரோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மாட்டியிருக்கிறார்கள். ஏழரை மணிக்கு. எந்த லாரியும் பத்துக்கு முன்னால் வராது. லாரியே வராத நேரத்தில் என் வண்டியில் யாருக்கு என்ன வேலை?

ஓடிய தூரத்தைப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பெட்ரோல் திருட்டா? முள் அங்கேயேதான் இருந்தது. யாரோ ஏசி போட்டுத் தூங்குகிறார்களா? அல்லது நிழல் விழும் என் இடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருக்கும் எதிர்க் கடைக்காரரின் வேலையா? அல்லது என் வார்த்தையை வைத்தே என்னைக் கவிழ்க்க மகன் போட்ட திட்டமா? பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுகிறோமே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த நாள் ஏழு மணிக்கே கிடங்குக்கு எதிரிலிருக்கும் சாயாக்கடையில், வாழைக்குலைக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்தேன். முக்காடு மாதிரி புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டேன். சாயாக்கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஏழரைக்குப் போடிக்காரர் வந்தார். கதவைத் திறந்தார், வாசலில் தண்ணீர் தெளித்தார், சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டினார். அப்புறம் நேரே ஆணிக்குப் போய் என் சாவியை எடுத்தார். 'மாட்டினார்!' என்று நான் பாதிச் சாயாவோடு எழுந்துவிட்டேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்தார். இஞ்சினைக் கிளப்பினார். முன்விளக்கு எரிந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஆடியது. ஏசி விசிறியின் இரைச்சல் சாயாக்கடை வரைக்கும் கேட்டது. பிறகு ஜன்னலை இறக்கி, போனைக் கையை நீட்டிப் பிடித்து, வண்டியின் முன்பக்கத்துக்குக் காட்டினார்.

நான் ரோட்டைக் கடந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். போனிலிருந்து வந்த குரல் தெளிவாகக் கேட்டது. என் மகனுடைய குரல்.

"லைட்டு ரெண்டும் எரியுதாண்ணே?"

"எரியுது தம்பி. ஒரே திருப்புல வந்துருச்சு. முந்தாநேத்து ராத்திரி கழண்டு கெடந்த வயரத்தான் நேத்துக் காலையில நான் நல்லா முறுக்கி விட்டேனே."

"சரிண்ணே. நேத்து அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க."

"நடை எப்படி இருந்துச்சு?"

"இடது பக்கமா சாஞ்சு சாஞ்சுதான் நடக்குறாங்க தம்பி. கதவைப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குனாங்க."

அவர் இஞ்சினை அணைத்தார். கிளப்பி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மனுஷர் என்னைப் பார்த்ததும் போனைக் கீழே போடப் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டேன். திரையில் என் மகன், குளிக்காத தலையோடு.

"எத்தனை நாளாடா நடக்குது இது?"

"அம்மா... நீ இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அந்தப் பேட்டரி போனதுக்கு முன்னாலருந்தே. நீ வழியில நின்னுடக் கூடாதேன்னுதாம்மா. தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணா பேட்டரி நல்லா இருக்கும்னு அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். எல்லாம் வேலை செய்யுதான்னு போட்டுப் பாத்துட்டு ஆஃப் பண்ணிடுவார்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "மண்டு! இஞ்சின் ஒரு தடவை எழுந்திருக்க பேட்டரியிலருந்து எவ்வளவு உறிஞ்சும் தெரியுமா? அது திரும்ப ஏற வண்டி ரோட்டுல ஓடணும்டா. நின்ன இடத்துல ரெண்டு நிமிஷம் உறுமிட்டு அடங்கினா என்ன ஏறும்? அதுக்கு மேல லைட்டு, ஏசி, வைப்பர்! லாரி வரும்போதெல்லாம் இவங்க வேற கிளப்பிக் கிளப்பி நகர்த்துறாங்க. நான் எடுக்கறதோ பக்கத்துல தோப்பும்படி வரைக்கும்தான். தினம் பானையிலருந்து அள்ளிக்கிட்டே இருக்கீங்க, ஊத்த ஆளில்ல. விக்கச் சொல்றதும் நீ, கொல்றதும் நீயா? வேணும்னே செஞ்சியாடா?"

"அம்மா!" அவன் போனை முகத்துக்கு அருகே இழுத்தான். "விக்கணும்னு இருந்தா நான் ஏம்மா தினம் எழுந்து இதைப் பார்க்கணும்?"

நான் லேசில் அடங்குகிற ஆளா?

"சரி, வண்டியைப் பாரு. என் நடையை எதுக்கு இவர்கிட்ட கேக்கறே? எனக்கு வாய் இல்லையா? என்னைக் கேட்டா என்ன?"

"கேட்டா நீ என்ன சொல்லுவே? 'எனக்கென்ன, நல்லா இருக்கேன்'. பாத்ரூம்ல விழுந்து எழுந்த அன்னிக்கும் அதேதான் சொன்னே. பத்து நாள் கழிச்சு வேற யாரோ சொல்லி எனக்குத் தெரியுது. நீதானேம்மா சின்ன வயசுல சொல்லுவே, மூட்டைகிட்ட நீ நல்ல மிளகான்னு கேக்காதே, குத்திப் பாருன்னு. உன்னை எங்கே குத்திப் பார்க்கறது? காலையில உன் வண்டி கிளம்புற சத்தம் கேட்டா, சரி, இன்னிக்கு அம்மா எங்கேயாவது போவான்னு எனக்கு ஒரு நிம்மதி. அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டதால் தப்பித்தேன். என்னைச் சுற்றி ஒரு சதி நடக்கிறது என்று இத்தனை நாள் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். சதி நடந்ததும் நிஜம்தான். அதைப் பண்ணியவன் தூங்கி எழுந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் என் பிள்ளைதானே, என் புத்திதான் அவனுக்கும் வந்திருக்கிறது.

"பேட்டரி தானா இளைக்கல, வண்டி நின்னும் போகல. அதனால என் வார்த்தை செல்லாது. வண்டியை விக்க மாட்டேன்" என்றேன்.

"சரிம்மா" என்றான்.

போனைப் போடிக்காரரிடம் கொடுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி ரொம்பக் கேட்டுக்கிச்சுக்கா, மறுக்க முடியல" என்றார். இனி காலையில் யாரும் கிளப்பக்கூடாது, லாரி வந்தால் கியரை எடுத்துவிட்டு இரண்டு பேராகத் தள்ளிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சரி என்றார். சாவி ஆணியிலேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் முதல் வேலையாக வண்டியை எடுத்துக்கொண்டு, பாலங்களைத் தாண்டி வல்லார்பாடம் வரைக்கும் போனேன். நீளமான ரோடு, வண்டிக்கும் பசி தீர வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குத் தள்ளி ஒரு மர நிழலில் நிறுத்தினேன். அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தேன். தொட்டதுமே எழுந்தது. இழுப்பு இல்லை, முனகல் இல்லை. இந்தப் பேட்டரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. நேரம் வரும்போது அதன் குரலே சொல்லும், நானும் கேட்டுக்கொள்வேன்.

அப்போது மகன் கூப்பிட்டான். இந்த முறை என்னைத்தான்.

"எப்படிம்மா இருக்கே?"

'எனக்கென்ன' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் வண்டி என்னுடையது. வேறு ஏதாவது சொன்னால் மறுபடி 'வித்துடு' என்று ஆரம்பிப்பான். ஒரு லாரி கடந்து போகட்டும் என்று ஜன்னலை ஏற்றினேன்.

"இடது முழங்கால் வலிக்குதுடா" என்றேன். "ரெண்டு மாசமா. கிளட்ச் மிதிக்கும்போது உயிர் போகுது. ராத்திரி தூக்கமும் சரியா இல்ல."

விற்கச் சொல்லப்போகிறான் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்போ எங்கேம்மா இருக்கே?"

"வல்லார்பாடத்துல."

"அவ்வளவு தூரமா?" என்றான். பிறகு, "காலை நீட்டி உட்காரு. வலி குறையட்டும். திரும்பி ஓட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் நான் போனை வைக்கல" என்றான்.